சாவடியும் சாலையும்: சென்னை நகர்ப் புத்தாக்கமும் போக்குவரத்தும்

முன்னுரை

சிலப்பதிகாரம் புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுத்துக் கூறுகின்றது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில், மரங்களே தூண்களாக நின்ற சோலையில், நாளங்காடி அமைந்திருந்தது என்பது இந்திரவிழவூரெடுத்த காதையால் அறியப்படும். அக்காதையைக் கற்பார் பலரும் அங்காடியின் ஆரவாரத்தில் ஈடுபடுவர். அங்காடி அவ்விடத்தே அமைந்தது ஏன் என்று வினவுவார் சிலரே. கடல்சார்ந்த பாக்கத்தாரும் அகநகர்ப் பாக்கத்தாரும் ஒருங்கே வந்து கூடுதற்கு ஏற்ற இடம் அதுவாதலின் அங்காடி அங்கே நிலைபெற்றது என்று கொள்ளுதல் தவறாகாது. வழிகள் கூடும் இடத்தில் அங்காடி தோன்றும். அங்காடி நிலைபெற்ற இடத்தை நோக்கி மேலும் பல வழிகள் வந்து சேரும். இவற்றுள் எது முந்தியது, எது பிந்தியது என்று பண்டை நகரங்களில் பிரித்துக் காண்டல் அரிது.

அண்மைக் காலத்து நகரங்களின் நிலை வேறு. எவ்வாண்டில் எப்பகுதி இடிக்கப்பட்டது, எவ்வாண்டில் அதன்மேல் சாலையோ இருப்புப்பாதையோ இடப்பட்டது என்பவற்றை அவற்றில் வரையறுத்துக் கூறலாம். ஆகவே, பழுதுற்ற அல்லது நெருக்கமுற்ற நகர்ப் பகுதியைத் திருத்தி அமைக்கும் செயலும், மக்களையும் பண்டங்களையும் கொண்டு செல்லும் ஏற்பாடும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை ஆராய்தற்குச் சென்னை போன்ற நகரம் நல்லதொரு களமாகும். முன்னதை நகர்ப் புத்தாக்கம் என்றும், பின்னதைப் போக்குவரத்துத் திட்டம் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

பொறியியலாரும் பொருளியலாரும் ஆராய வேண்டிய இப்பொருளில் தமிழ்த்துறையார்க்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஊர்ப்பெயர்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் நெறியை ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் ‘ஊரும் பேரும்’ என்னும் நூலில் நமக்குக் காட்டிச் சென்றுள்ளார்கள். நகரம் தன் பழைய உருவத்தை இழந்த பின்னரும் அதன் பெயர்கள் எஞ்சி நிற்கின்றன. சாவடி, பேட்டை, ஏரிக்கரை, புறம்போக்கு ஆகிய சொற்கள் சென்னையின் மாற்றங்களைப் பற்றிக் கூறும் செய்திகள் பல. அவற்றைத் துணையாகக் கொண்டே இவ்வாராய்ச்சியை மேற்கொள்கின்றோம்.

வெளியும் வழியும்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1639ஆம் ஆண்டில் பெற்ற கடற்கரை நிலத்தில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. கோட்டைக்கு வடக்கே வணிகரும் கைவினைஞரும் பிறரும் குடியேறிய பகுதியை ஆங்கிலேயர் கறுப்பர் பட்டணம் என வழங்கினர். 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையை ஒட்டி நெருங்கிய வீடுகள் இருப்பின் பகைவர் அவற்றின் மறைவில் நின்று தாக்குதல் எளிது என்பதை அப்போர் கற்பித்தது. எனவே பழைய கறுப்பர் பட்டணம் இடித்து அகற்றப்பட்டது. பீரங்கியின் குறிக்குத் தடை இல்லாத வெட்டவெளி ஒன்று கோட்டைக்கு வடக்கே உண்டாயிற்று. ‘எஸ்பிளனேடு’ எனப்பட்ட அவ்வெளியில் இனி எவரும் வீடு கட்டலாகாது என்பதை உணர்த்த 1773இல் எல்லைக் கற்கள் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒன்றைப் பாரிமுனையில் காணலாம்.

இடம் பெயர்ந்த மக்கள் வடக்கே முத்தியாலுப்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். இவ்விரு பேட்டைகளுக்கும் இடையே தாழ்ந்த நீரோடை ஒன்று இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பாப்பம் என்னும் ஆங்கிலேயர் அப்பள்ளத்தைத் தூர்த்துச் சாலை அமைக்க முற்பட்டார். பாப்பம் பிராட்வே என வழங்கிய அச்சாலையே பிற்காலத்தில் பிரகாசம் சாலை எனப் பெயர் பெற்றது. ஓடை இருந்த இடம் வழியாயிற்று என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சென்னையின் வரலாற்றில் இந்நிகழ்ச்சி பன்முறை மீண்டும் வரும்.

போரின் பொருட்டு வெறுமையாக்கப்பட்ட வெளி, போர் ஓய்ந்த பின் வேறு பயன்களைப் பெற்றது. 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் அங்கே எழுந்தது. 1895இல் தொடங்கிய மின்சார டிராம் வண்டிகள் இப்பகுதியை நகரின் பிற பகுதிகளோடு இணைத்தன. 1953இல் டிராம் நிறுத்தப்பட்டபோது அதன் இடத்தைப் பேருந்துகள் கொண்டன. ஊர்தோறும் செல்லும் வெளியூர்ப் பேருந்துகளும் எஸ்பிளனேடு, பிராட்வே ஆகியவற்றின் சுற்றுப்புறத்திலிருந்தே புறப்பட்டன. துறைமுகம், கடற்கரைப் புகைவண்டி நிலையம், நீதிமன்றம், மொத்த வணிகத் தெருக்கள், பேருந்து நிலையம் ஆகிய அனைத்தும் ஒரு நடை தூரத்தில் அடங்கின. இவ்வாறு ஒருங்கு கூடியமைக்குத் திட்டம் காரணமன்று. 18ஆம் நூற்றாண்டில் படைத்தலைவர் வகுத்த வெளியே காரணம். வழியைத் தேடிய ஊர்திகள் வெளியைக் கண்ட இடத்தில் தங்கின. ஊர்திகள் தங்கிய இடத்தில் வணிகம் செழித்தது. செழித்த வணிகம் நெருக்கத்தை விளைத்தது. அந்நெருக்கமே பின்னர் அங்காடியையும் பேருந்தையும் அவ்விடத்தினின்று வெளியேற்றியது.

ஏரி நகரான வரலாறு

அடுத்துக் காண வேண்டுவது தியாகராய நகர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த பேரேரி ஒன்று ஒரு காலத்தில் சென்னையின் மேற்கெல்லையாக இருந்தது. அவ்வேரிக்கு மேற்கே தென்னிந்திய இருப்புப்பாதை சென்றது. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. நீதிக்கட்சியார் ஆட்சி புரிந்த அக்காலத்தில், பெருகி வந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு வீட்டுமனை வேண்டி, ஏரியின் நீரை வடித்து நிலமாக்கிப் புதுநகர் காணும் பணி 1923ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கப்பட்டது. நகர் பிட்டி தியாகராயரின் பெயரைப் பெற்றது. அதன் நடுவண் அமைந்த பூங்கா முதலமைச்சர் பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. உஸ்மான் சாலை, நாயர் சாலை, நடேசன் பூங்கா முதலிய பெயர்கள் ஒரு கட்சியின் வரலாற்றையே தெருக்களில் எழுதி வைத்தாற்போல விளங்குகின்றன.

இந்நகரின் சிறப்பு யாதெனின், வீடுகள் எழுவதற்கு முன்னரே இருப்புப்பாதை அருகில் இருந்தமை என்க. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஏறத்தாழ 29 கி.மீ. தொலைவிற்கு மின்சாரப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் வீடும் பாரிமுனையில் அலுவலகமும் உடையவர் நாள்தோறும் எளிதிற் சென்று மீள இது வழி செய்தது. புதிய குடியிருப்பு மின்வண்டிக்குப் பயணிகளைத் தந்தது. மின்வண்டி புதிய குடியிருப்புக்கு மதிப்பைத் தந்தது. புத்தாக்கமும் போக்குவரத்தும் ஒன்றுக்கொன்று உதவிய நிலையை இங்குத் தெளிவாகக் காண்கின்றோம்.

ஆயினும் போக்குவரத்துத் திட்டத்தின்வழி மட்டும் ஒழுகியது என்று கூறுதற்கில்லை. திட்டத்தைத் தானே மாற்றவும் செய்தது. மாம்பலம் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைப்பது அரங்கநாதன் தெரு என்னும் குறுகிய தெரு. குடியிருப்புத் தெருவாகத் தொடங்கிய அது, வண்டியினின்று இறங்குவார் அனைவரும் நடந்து செல்லும் வழியாக இருந்தமையின், நாளடைவில் நாடறிந்த கடைத்தெருவாக மாறியது. நகரமைப்பாளர் அங்காடிக்கென வரையறுத்த இடம் எதுவாயினும், மக்கள் நடக்கும் வழியே அங்காடியின் இடத்தை முடிவு செய்தது. புகாரின் நாளங்காடியைப் பற்றி யாம் மேலே கூறிய கருத்திற்கு இத்தெரு ஒரு சான்றாகும்.

பின்னர்ச் செய்த திருத்தங்களும் இதனையே உறுதிப்படுத்துகின்றன. பாண்டி பசார் எனப்படும் சௌந்தரபாண்டியனார் அங்காடித் தெருவில் ஊர்திகளுக்குரிய இடத்தைச் சுருக்கி, நடப்பார்க்குரிய அகன்ற நடைமேடைகள் 2019 நவம்பரில் திறக்கப்பட்டன. மாம்பலம் புகைவண்டி நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 570 மீட்டர் நீளமுள்ள நடைமேம்பாலம் 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கு முன் வகுத்த நகரைத் திருத்தப் புகுந்தவர்கள் முதலில் கை வைத்தது நடைவழியிலேயே ஆகும்.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. மேற்கு மாம்பலத்தின் ஏரிக்கரைச் சாலையும் நுங்கம்பாக்கத்தின் ‘லேக் ஏரியா’வும் மறைந்த நீர்நிலையைப் பெயரளவில் காத்து நிற்கின்றன. பெயரளவில் மட்டுமன்று: 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்கள் நீரில் மூழ்கியபோது, தாழ்ந்த நிலம் தன் பழைய இயல்பை மறக்கவில்லை என்பதை நகரத்தார் கண்டனர். ஏரியை வெற்றிடம் என்று கணக்கிட்டவர்கள், ஏரி செய்து வந்த வேலையைக் கணக்கிடவில்லை.

கால்வாயின்மேல் இருப்புப்பாதை

தமிழில் ஆறு என்னும் சொல் நீர் ஓடும் ஆற்றையும் குறிக்கும். மக்கள் செல்லும் வழியையும் குறிக்கும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் பெயரை அறிந்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சென்னையின் பக்கிங்காம் கால்வாய் இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய ஆறாக இருந்தது. 1806இல் சென்னைக்கு வடக்கே சிறு அளவில் திறக்கப்பட்ட அக்கால்வாய் படிப்படியாக நீட்டப்பட்டது. தாது ஆண்டுப் பஞ்சம் எனப்படும் கொடிய பஞ்சக் காலத்தில், 1877-78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் அதற்கு இடப்பட்டது. பசித்த மக்களின் உழைப்பால் நகரின் நடுவே உண்டான நீர்வழி அது. உப்பும் விறகும் நெல்லும் அதன்வழிப் படகுகளில் வந்தன.

இருப்புப்பாதையும் சரக்குந்தும் பெருகியபோது படகுகள் குறைந்தன. பயன் குறைந்த கால்வாயின் கரைகளில், நகரில் வேறெங்கும் இடம் பெறாத ஏழை மக்கள் குடிசை அமைத்தனர். அரசின் பதிவேட்டில் அக்கரை புறம்போக்கு எனப்பட்டது. புறம்போக்கு என்பது வரி விதிப்பிற்குப் புறம்பாக நின்ற பொது நிலத்தைக் குறித்த வருவாய்த்துறைச் சொல். ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், சுடுகாடு, பாதை ஆகிய, ஊரார் அனைவர்க்கும் பொதுவாகிய நிலங்கள் இதனுள் அடங்கின. வரி தராத நிலம் பயன் தராத நிலம் எனக் கருதப்பட்டது. நாளடைவில் அச்சொல் பயனற்ற மனிதரைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் பேச்சு வழக்கில் இழிந்தது. நிலத்தின் பெயர் மாந்தர்மேல் ஏறிய இச்சொல் வரலாறு, அந்நிலத்தில் வாழ்ந்தாரை நகரம் எவ்வாறு நோக்கியது என்பதையும் நமக்கு உணர்த்துகின்றது.

1980களில் நகருக்குள் விரைவுப் புகைவண்டிப் பாதை ஒன்று வகுக்கப்பட்டபோது, அது செல்லும் வழியாகப் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயே தேர்ந்தெடுக்கப்பட்டது. கால்வாய் அரசின் நிலம். ஆதலின் தனியார் நிலத்தை விலை கொடுத்துப் பெற வேண்டுவதில்லை. மக்கள் ‘பறக்கும் ரயில்’ எனப் பெயரிட்ட அவ்வண்டி 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2004இல் திருவான்மியூர் வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் ஓடத் தொடங்கியது. பாதையைத் தாங்கும் தூண்கள் கால்வாயின் நீரோட்டத்திலேயே நிறுத்தப்பட்டன, கால்வாய் குறுகியது. கரையில் இருந்த குடிசைகள் பல அகற்றப்பட்டன.

மலிவான நிலத்தைத் தேடிச் சென்ற இப்பாதை, மக்கள் கூடும் இடத்தைத் தேடிச் செல்லவில்லை. பெரிய பெரிய நிலையங்கள் எழுந்தன. எனினும் பேருந்து செல்லும் பெருஞ்சாலைகளினின்று அவற்றுட் பல விலகி நின்றன. எதிர்பார்த்த அளவிற்குப் பயணிகள் வரவில்லை. மாம்பலத்தில் நிலையத்தைச் சுற்றி நகர் எழுந்தது போல, இந்நிலையங்களைச் சுற்றி உடனே நகர் எழவில்லை. தெற்கே மட்டும் நிலைமை ஓரளவு மாறியது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதனருகே திருவான்மியூர் நிலையம் வந்தது. கணினித் தொழில் புரியும் இளைஞர் கூட்டத்தைப் பாதை வகுத்தவர்கள் 1980களில் எதிர்நோக்கியிருத்தல் இயலாது. வழி தன் மக்களைப் பல ஆண்டுகள் காத்திருந்து பெற்றது என்றே கூறலாம்.

சாவடி பெயர்ந்த வரலாறு

இனிக் கொத்தவால் சாவடியைப் பற்றி ஆராய்வாம். கொத்தவால் என்பது நகரின் காவலையும் அங்காடியின் ஒழுங்கையும் கண்காணித்த அலுவலரைக் குறிக்கும் வடபுலச் சொல். சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கும் பொதுவிடத்தைக் குறிக்கும். காவலும் வழியும் வணிகமும் இப்பெயரில் ஒருங்கே அமைந்துள்ளன. ஜார்ஜ் டவுனின் நெருங்கிய தெருக்களுக்கு இடையே அமைந்த இவ்வங்காடி, நகர் முழுமைக்கும் காய்கறியும் கனியும் வழங்கி வந்தது.

மாட்டுவண்டிக் காலத்தில் உண்டான தெருக்களில் சரக்குந்துகள் புகுந்தபோது இடர்ப்பாடு மிகுந்தது. 1975இல் ஏற்கப்பட்ட சென்னைப் பெருநகரின் முதற் பெருந்திட்டம், ஜார்ஜ் டவுனின் நெருக்கத்தைக் குறைக்க மொத்த வணிகத்தை வெளியேற்ற வேண்டும் என்னும் நோக்கை உடையதாயிருந்தது. அதன்படி இரும்பு எஃகு வணிகத்திற்குச் சாத்தங்காட்டிலும், சரக்குந்து நிறுத்தத்திற்கு மாதவரத்திலும், காய்கனி மலர் வணிகத்திற்குக் கோயம்பேட்டிலும் இடம் வகுக்கப்பட்டது. வணிகர் பலர் முதலில் உடன்படவில்லை. இறுதியில், நகரம் சென்னை என்னும் பெயரை முறைப்படி பெற்ற அதே 1996ஆம் ஆண்டில், அங்காடி கோயம்பேட்டிற்குப் பெயர்ந்தது. அங்காடி வளாகத்திற்கென வகுத்த நிலம் 295 ஏக்கர்.

கோயம்பேடு பழைய சிவன்கோயில் உடைய ஊர். அங்காடி வந்த பின் அவ்வூரின் நிலை விரைவாக மாறியது. 2002 நவம்பரில், பிராட்வேப் பகுதியிலிருந்து புறப்பட்ட வெளியூர்ப் பேருந்துகளுக்காக ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்பில் புதிய பேருந்து நிலையம் அங்காடியின் அருகே திறக்கப்பட்டது. சென்னை மெட்ரோ முதலில் ஓடத் தொடங்கியதும் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையிலேயே. 2015 சூன் 29ஆம் நாள் அது தொடங்கியது. அங்காடி பேருந்தை அழைத்தது. பேருந்து மெட்ரோவை அழைத்தது. 18ஆம் நூற்றாண்டின் வெட்டவெளியில் 150 ஆண்டுகளில் நிகழ்ந்த கூட்டம், கோயம்பேட்டில் 20 ஆண்டுகளுக்குள் நிகழ்ந்து முடிந்தது.

கூட்டத்தோடு நெருக்கமும் வந்தது. 2020 மே மாதத்தில் கொரோனா நோய் அங்காடி வழியாகப் பரவியபோது, அங்காடி மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பரிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஒரே இடத்தில் அனைத்தையும் குவித்த ஏற்பாட்டின் வலிமையும் மெலிவும் அவ்வாண்டில் ஒருங்கே வெளிப்பட்டன. பேருந்துகளும் படிப்படியாகப் பிரிக்கப்பட்டன. வடக்கே செல்வனவற்றுக்கு மாதவரத்தில் 2018இலும், தெற்கே செல்வனவற்றுக்குக் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30ஆம் நாளிலும் புதிய நிலையங்கள் திறக்கப்பட்டன. தென்திசைப் பேருந்துகளுக்குக் கோயம்பேடு 21 ஆண்டுகளே தலைநிலையமாக இருந்தது.

கிளாம்பாக்கத்தில் முறை மாறியதை நோக்குக. ஏறத்தாழ 88 ஏக்கர் பரப்புள்ள பெருநிலையம் அது. இருப்புப்பாதை அதன் அருகேயே செல்கின்றது; ஆயினும் திறப்பு நாளில் வண்டி நின்று செல்லும் நிலையம் அங்கே இல்லை. முன்னே வண்டலூரும் பின்னே ஊரப்பாக்கமுமாக, இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட வெளியில் பேருந்து நிலையம் தனித்து நின்றது. நள்ளிரவிலும் வைகறையிலும் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் வந்து இறங்கியவர்கள், தம் ஊரிலிருந்து வந்த பயணத்தைவிட நகருக்குள் செல்லும் பயணமே கடினம் என்று வருந்தினர். மாம்பலத்தில் வண்டி முன்னே வந்தது. நகர் பின்னே எழுந்தது. கிளாம்பாக்கத்தில் கட்டடம் முன்னே எழுந்தது. வண்டி பின்னே வர வேண்டியதாயிற்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு நூறாண்டுக் கால அறிவு வளர்ச்சிக்குப் பெருமை தருவதாக இல்லை.

கண்ணகி நகர்

இதுகாறும் அங்காடிகளும் ஊர்திகளும் பெயர்ந்ததைக் கண்டோம். மனிதர் பெயர்ந்ததே இவ்வரலாற்றின் மிகக் கடினமான பகுதி. 1970இல் அமைந்த தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், தொடக்கக் காலத்தில், குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டித் தரும் முறையைப் பெரிதும் மேற்கொண்டது. வாழும் இடமும் தொழில் செய்யும் இடமும் அம்முறையில் பிரியவில்லை. பிற்காலத்தில் அம்முறை தளர்ந்தது. ஆற்றங்கரையிலும் கால்வாய்க்கரையிலும் சாலையோரத்திலும் இருந்தவர்கள் நகரின் எல்லைக்கு அப்பால் குடியேற்றப்பட்டனர். 2000ஆம் ஆண்டை ஒட்டித் துரைப்பாக்கத்தில் தொடங்கிய கண்ணகி நகர் அவற்றுள் ஒன்று. 15,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டது. பின்னர்ப் பெரும்பாக்கத்திலும் அத்தகைய குடியிருப்பு எழுந்தது.

பழைய நகர்நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலுள்ள இடம் அது. கால்வாய்க்கரைக் குடிசை எத்துணை இழிந்ததாயினும், அங்கிருந்து வீட்டு வேலைக்கும், சுமை தூக்குவதற்கும், மீன் விற்பதற்கும் நடந்தே செல்லலாம். பயணச் செலவு இல்லை. புதிய வீடு கல்லால் ஆயது. ஆனால் வேலைக்குச் செல்லப் பேருந்து வேண்டும், பேருந்துக்குக் காசு வேண்டும், காசுக்கு வேலை வேண்டும். வைகறையில் வேலை தொடங்கும் பெண்ணொருத்திக்கு வைகறைக்கு முன்னரே பேருந்து வேண்டும். வீட்டைக் கணக்கிட்டவர்கள் வழியைக் கணக்கிடாமையால் நேர்ந்த இடர் இது. வேலையை விட்டவர்களும், பள்ளியை விட்ட பிள்ளைகளும், பழைய இடத்திற்கே மீண்டு வாடகைக்குக் குடியிருக்க முயன்றவர்களும் உண்டு என்பதை அப்பகுதி மக்களோடு பழகியவர்கள் அறிவர்.

2021 மே மாதத்தில் நகரச் சாதாரணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என அரசு ஆணையிட்டது. அதனை உதவித் திட்டம் என்றே பலரும் பேசுவர். யாம் அதனை நகரமைப்புத் திட்டங்களுள் ஒன்றாகவே கொள்கின்றோம். தொலைவில் குடியேற்றப்பட்டவர்க்கும் நகருக்கும் இடையே அறுந்த இணைப்பை ஓரளவேனும் அது மீண்டும் கட்டியது. ஒரு புதிய கட்டடமும் எழுப்பாமல், கட்டணத்தை மாற்றுவதால் மட்டுமே, 20 கி.மீ. தொலைவைக் குறைத்தல் இயலும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அக்குடியிருப்புக்குக் கண்ணகியின் பெயரை இட்டவர்கள் பெருமை செய்யும் கருத்தினாலேயே இட்டனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தன் ஊரைவிட்டு நெடுவழி நடந்தவள், புகுந்த நகரில் நீதி கேட்டு நின்றவள் பெயர் அவ்விடத்திற்கு அமைந்தது, பெயரிட்டார் நினையாத பொருத்தமும் உடையதாயிற்று.

முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, புத்தாக்கமும் போக்குவரத்தும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன. எனினும் எது முதலில் வருகின்றது என்பதே விளைவை முடிவு செய்கின்றது. வழி முன்னே வந்த மாம்பலம் செழித்தது. வழி பின்னே வந்த குடியிருப்புகள் துன்புற்றன. மக்களை மறந்து நிலத்தின் மலிவை நோக்கிச் சென்ற பறக்கும் ரயில் பல்லாண்டு காத்திருந்தது.

இரண்டாவது, நெருக்கத்தை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பெயர்ப்பது அதனைத் தீர்ப்பதாகாது. எஸ்பிளனேட்டிலிருந்து கோயம்பேட்டிற்கும், கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்திற்கும் நகரம் தன் வாயிலை நகர்த்திக் கொண்டே சென்றுள்ளது. வாயில் நகர்ந்த ஒவ்வொரு முறையும் தொலைவின் சுமை பயணிமேலும் சிறுவணிகர்மேலும் இறங்கியது.

மூன்றாவது, நகரம் தனக்கு வேண்டிய வழியை எப்பொழுதும் வெற்றிடத்தில் தேடியது. ஓடை, ஏரி, கால்வாய், கால்வாய்க்கரை ஆகியவை வெற்றிடங்கள் எனப்பட்டன. அவை உண்மையில் வெற்றிடங்கள் அல்ல. நீர் வாழ்ந்த இடங்கள், ஏழையர் வாழ்ந்த இடங்கள். புறம்போக்கு என்னும் ஒரு சொல்லால் அவை பதிவேட்டில் மறைக்கப்பட்டன.

நகரமைப்பும் போக்குவரத்தும் நெடுங்காலம் வெவ்வேறு துறையினர் கையில் இருந்தன. அவற்றை இணைக்கும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திற்குரிய சட்டம் 2010இல் நிறைவேறியும், அக்குழுமத்தின் முதற் கூட்டம் 2022 நவம்பரிலேயே நடைபெற்றது. ஏறத்தாழ 119 கி.மீ. நீளத்திற்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணியும், 2027 முதல் 2046 வரையிலான காலத்துக்குரிய மூன்றாம் பெருந்திட்டத்திற்கான பணியும் மேற்கொள்ளப்பட்டுள்ளன. ஒவ்வொரு புதிய நிலையத்தைச் சுற்றியும் நிலத்தின் மதிப்பு உயரும்; மதிப்பு உயர்ந்த நிலத்தில் ஏழையர் தங்குவது அரிதாகும். அவர்களுக்கு இடம் எங்கே என்னும் வினாவைப் பாதை இடப்பட்ட பின்னர் எழுப்புவதால் பயனில்லை. பாதை வரையப்படும்போதே எழுப்புதல் வேண்டும்.

அவ்வினாவை எழுப்புவதில் தமிழ் ஆராய்வார்க்கும் பங்குண்டு. நில ஆவணங்களிலும் தெருப்பெயர்களிலும் மக்கள் வழக்கிலும் மறைந்து கிடக்கும் ஏரிகளையும் ஓடைகளையும் சாவடிகளையும் வழிகளையும் தொகுத்து வைத்தல் நம் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும். வரைபடத்தில் வெற்றிடமாகத் தோன்றும் இடத்தை, அதன் பெயர் அறிந்தவர் வெற்றிடம் என்று கூறார்.